பரங்கிமலை பீரங்கி, மயிலாப்பூர் மிருதங்கம்: ஒலியியல் படிக்க இணையத்துல எங்க போகலாம்

ப்ளஸ் ஒன் பசங்ககிட்ட ஒலியோட வேகம் எவ்வளவுன்னு கேட்டா ஒருத்தன் 340ன்னு சொல்லுவான், ஒருத்தி 343ன்னு சொல்லுவா, ரெண்டும் டக்குன்னு வந்துடும். சரி, மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம பெரம்பூர்ல எவ்வளவுன்னு அடுத்து கேட்டா கிளாஸ் அமைதியாயிடும். புத்தகத்துலயே ஃபார்முலா இருக்கு, 331ஓட வெப்பநிலையை 0.6ஆல பெருக்கிக் கூட்டணும், 38 டிகிரின்னா நொடிக்குக் கிட்டத்தட்ட 354 மீட்டர் வரும். கணக்கா கேட்டா எல்லாரும் போடுவாங்க. ஆனா தலைக்கு மேல போற ரயில் ஹாரனுக்கும் இந்தக் கணக்குக்கும் ஒரு சம்பந்தம் இருக்குன்னு யாருக்கும் தோணுறதில்ல. நான் வீட்லயே பிசிக்ஸ் டியூஷன் எடுக்குறேன், வருஷா வருஷம் இதைப் பாக்குறேன். அதனாலதான் இந்தப் பதிவு. ஒலியைப் பத்தி படிக்க இணையத்துல இலவசமா கொட்டிக் கிடக்கு, உலகத்துல பெரிய யூனிவர்சிட்டிக்காரங்க எல்லாம் எழுதி வச்சிருக்காங்க, ஆனா அதெல்லாம் 20 டிகிரி குளிர்ல, பியானோவையும் வயலினையும் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதினது. அதை எடுத்து நம்ம ஊர்ச் சத்தத்து மேல வச்சுப் பாத்தாதான் மண்டைல ஏறுதுன்னு நான் நம்புறேன். எந்தத் தளம் எதுக்கு உதவுதுன்னு அந்தக் கண்ணோட்டத்துலதான் சொல்லப் போறேன்.

முதல்ல நான் பசங்களுக்குக் காட்டுறது வீடியோ கிடையாது, 1823ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. லண்டன் ராயல் சொசைட்டியோட ஃபிலசாபிக்கல் ட்ரான்சாக்‌ஷன்ஸ்ல வந்தது, பழைய இதழ்கள் எல்லாம் அவங்க தளத்துலயே இலவசமா படிக்கலாம். எழுதினவர் ஜான் கோல்டிங்ஹாம், மெட்ராஸ் வானாய்வகத்துல இருந்தவர். அந்த வானாய்வகம் இருந்தது நுங்கம்பாக்கத்துல, இன்னிக்கு காலேஜ் ரோட்ல வானிலை மையம் இருக்கே, புயல் வந்தா டிவிக்காரங்க எல்லாம் போய் நிப்பாங்களே, அதே வளாகம்தான்.

அந்தக் காலத்துல ஜார்ஜ் கோட்டைலயும் பரங்கிமலைலயும் காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பீரங்கி சுடுறது வழக்கம். நடுவுல உயரமான கட்டடம் எதுவும் கிடையாது. அப்ப நுங்கம்பாக்கத்துல நின்னா வெடிக்கிற வெளிச்சம் முதல்ல தெரியும், சத்தம் கொஞ்சம் கழிச்சு வரும். கோட்டை அங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டர், பரங்கிமலை சுமார் 9 கிலோமீட்டர். அப்படின்னா கோட்டைக் குண்டுக்கு ஏறக்குறைய 12 நொடி, மலைக் குண்டுக்கு 26 நொடி. கோல்டிங்ஹாம் 1820, 1821ல இதை நாள் தவறாம அளந்து, கூடவே பாரமானி, வெப்பமானி, காத்துல ஈரப்பதம்னு எல்லாத்தையும் எழுதி அட்டவணை அட்டவணையா போட்டிருக்காரு. இதைச் சொல்லும்போது பசங்க கண்ணு விரியும் பாருங்க, ஏன்னா பாதிப் பேரு தினம் அந்தப் பக்கமா மின்சார ரயில்ல போறவங்க, பரங்கிமலை அவங்களுக்கு ஒரு ஸ்டேஷன் பேரு மட்டும்தான் அது வரைக்கும்.

அந்த மாசவாரி சராசரியைப் பாத்தா டிசம்பர், ஜனவரில நொடிக்கு சுமார் 1100 அடி, ஜூலைல சுமார் 1160 அடி. மீட்டர்ல சொன்னா 335க்கும் 354க்கும் நடுவுல ஆடுது. இங்கதான் பாடம் சூடு பிடிக்கும். நம்ம ஊர்ல ஜனவரிக்கும் ஜூலைக்கும் வெப்பநிலை வித்தியாசம் அதிகபட்சம் ஒரு 8, 10 டிகிரின்னு வச்சாலும் ஃபார்முலாப்படி 6 மீட்டர்தான் கூடணும், ஆனா அட்டவணைல 19 மீட்டர் கூடியிருக்கு, மீதி எங்கேர்ந்து வந்துச்சு? ஒரு பொண்ணு "மிஸ், காத்தா இருக்குமா?"ன்னு கேட்டா. ஜூலைல தென்மேற்குக் காத்து, பரங்கிமலை நுங்கம்பாக்கத்துக்கு தென்மேற்குல இருக்கு, அப்ப அந்தக் குண்டுச் சத்தத்தைக் காத்து தள்ளிக்கிட்டு வரும், சரிதான். ஆனா கோட்டை இருக்குறது கிழக்குல, அந்தச் சத்தத்துக்கு அதே காத்து எதிர்க்காத்து. "அப்ப ரெண்டு இடத்தையும் தனித்தனியா பிரிச்சுப் போட்டுப் பாருங்கப்பா"ன்னு அட்டவணையை அவங்க கைலயே கொடுத்துட்டேன். 200 வருஷம் முந்தின தரவு, இன்னும் கேள்வி கேக்குது. இப்படி ஒண்ணு கைல இருக்கும்போது வெறும் 343ஐ மனப்பாடம் பண்ண வைக்க எனக்கு மனசு வரலை.

இதையே இன்னிக்கு வீட்ல செஞ்சு பாக்க ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, ஜெர்மனில ஆகன் நகரத்து டெக்னிக்கல் யூனிவர்சிட்டி பண்ணது, ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டுலயும் இலவசம், விளம்பரமும் கிடையாது. அதுல ஒலி ஸ்டாப்வாட்ச்னு ஒண்ணு இருக்கு, ஒரு சத்தம் கேட்டா ஓட ஆரம்பிக்கும், அடுத்த சத்தம் கேட்டா நின்னுடும். மொட்டை மாடில ரெண்டு பேரு 10 மீட்டர் தள்ளி நில்லுங்க, ரெண்டு பேரு கால் பக்கத்துலயும் ஒரு போன். முதல் ஆள் கை தட்டுறாரு, அவர் போன் உடனே ஓடும், எதிர்ல இருக்குற போன் சத்தம் போய்ச் சேந்த பிறகு ஓடும். ரெண்டாவது ஆள் தட்டுறாரு, அவர் போன் உடனே நிக்கும், முதல் ஆளோட போன் கொஞ்சம் தாமதமா நிக்கும். ரெண்டு போன்லயும் இருக்குற நேரத்தைக் கழிச்சா அது சத்தம் 20 மீட்டர் போக எடுத்த நேரம், சுமார் 57 மில்லிநொடி வரணும். கைக்கு வேகம் பத்துமா, அனிச்சைச் செயல் நேரம் என்னன்னு எந்தக் கவலையும் வேணாம், எல்லாம் கழிச்சல்ல அடிபட்டுப் போயிடும், அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விடியக்காலைல செய்யுங்க, ஏழு மணிக்கு மேல ஆயிட்டா ஆட்டோ ஹாரனுக்கே வாட்ச் ஓடிடும். எவ்வளவு பலமான சத்தத்துக்கு வாட்ச் ஓடணும்ங்கிற அளவை மாத்திக்க அதுலயே வசதி இருக்கு. அதே மாடில மத்தியான வெயில்ல இன்னொரு தடவை பண்ணுங்க, ஆனா வித்தியாசம் தெரியணும்னா தூரத்தை இன்னும் கூட்டணும், 10 மீட்டர்ல அது அரை மில்லிநொடிக்கும் ஒரு மில்லிநொடிக்கும் நடுவுலதான் இருக்கும்.

அலைன்னா என்னன்னே இன்னும் பிடிபடாதவங்களுக்கு ரெண்டு இடம். ஒண்ணு, அமெரிக்கால பென் ஸ்டேட் யூனிவர்சிட்டில டான் ரசல்ங்கிற பேராசிரியர் போட்டு வச்சிருக்குற அனிமேஷன் பக்கங்கள். புள்ளி புள்ளியா காத்துத் துகள், அதுல சிலது மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புப் புள்ளியை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க, அது எங்கேயும் போகாது, இருந்த இடத்துலயே முன்னும் பின்னும் ஆடும், ஆனா நெருக்கம் மட்டும் ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் ஓடிக்கிட்டே இருக்கும். நெட்டலைங்கிறதை போர்டுல படம் போட்டு நான் எவ்வளவு விளக்கினாலும் இந்த ஒரு அனிமேஷன் அரை நிமிஷத்துல செய்யுறதைச் செய்ய முடியாது. இன்னொண்ணு கொலராடோ யூனிவர்சிட்டியோட ஃபெட் சிமுலேஷன்கள், நாமளே அதிர்வெண்ணையும் வீச்சையும் மாத்திப் பாக்கலாம், சிலது தமிழ்லயும் இருக்கு. ஹைப்பர்ஃபிசிக்ஸ்னு ஜார்ஜியா ஸ்டேட் யூனிவர்சிட்டி தளம் ஒண்ணும் உண்டு, பாக்க பழைய காலத்துத் தளமாட்டம் இருக்கும், ஆனா சந்தேகம் வந்தா ஒரு பக்கத்துல பதில் கிடைக்கும், கணக்கு போட்டுப் பாக்க சின்னக் கட்டமும் கொடுத்திருப்பாங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி இன்னொண்ணு. நம்ம தமிழ்நாட்டுப் பாடநூலையே முதல்ல படிங்க. பத்தாவது அறிவியல்ல ஒலியியல்னு தனிப் பாடம், பதினொண்ணாவது இயற்பியல்ல அலைகள்னு பாடம், ரெண்டும் தமிழ்லயே இலவசமா டவுன்லோட் பண்ணலாம். வேலைக்குப் போறவங்க, வீட்ல இருக்குறவங்க, பாட்டு கத்துக்குறவங்க, யாரா இருந்தாலும் சரி, பத்தாவது பாடத்துலேர்ந்து ஆரம்பிச்சா வெளிநாட்டுத் தளத்துல பாதி பயம் போயிடும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன், மிருதங்கம்.

சி.வி.ராமன்னா எல்லாரும் ஒளிச்சிதறல், 1930 நோபல்னு நிறுத்திடுறாங்க. நம்ம மாநிலக் கல்லூரில படிச்ச அந்த மனுஷன் ஒலியைப் பத்தி எழுதினதை எடுத்துப் படிச்சா பிரமிப்பா இருக்கு. 1920ல சிவகாளி குமார்ங்கிறவரோட சேந்து நேச்சர் இதழ்ல ஒரு சின்னக் கட்டுரை, நம்ம தோல் வாத்தியங்களைப் பத்தி. அப்புறம் 1934ல இந்திய அறிவியல் அகாடமியோட இதழ்ல அதையே விரிவா எழுதினாரு. இதெல்லாம் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தோட டிஜிட்டல் களஞ்சியத்துல இருக்கு, யாரு வேணா எடுக்கலாம், கடவுச்சொல் எதுவும் கேக்காது.

விஷயம் இதுதான். சாதாரணமா ஒரு வட்டத் தோலை இழுத்துக் கட்டி அடிச்சா அது பல விதமா ஒரே நேரத்துல அதிரும், முதல் அதிர்வோட அதிர்வெண்ணை 1ன்னு வச்சா அடுத்தது 1.59, அப்புறம் 2.14, 2.30, 2.65ன்னு போகும். இதுங்களுக்குள்ள எந்த ஒழுங்கும் இல்ல, அதனாலதான் அந்த மாதிரி தோல்ல தெளிவா ஒரு சுருதி கேக்காது. தந்தி அப்படி இல்ல, அதுல 1, 2, 3, 4ன்னு முழு எண்ணா போகும், காதுக்கு ஒரே சுரமா சேந்து கேக்கும். மிருதங்கத்தோட வலந்தலைல, அதாவது வலது பக்கத் தோல்ல, நடுவுல கறுப்பா கரணை இருக்கே, அந்தக் கனம் நடுவுல உக்காந்ததால அந்த ஒழுங்கில்லாத அதிர்வுகள் இடம் மாறி, ஏறக்குறைய 1, 2, 3, 4, 5ன்னு வந்து நிக்குது. ஒன்பது விதமான அதிர்வு இந்த அஞ்சு சுரத்துக்குள்ள வந்து அடங்குதுன்னு ராமன் காட்டினாரு, தோல் மேல மணலைத் தூவி, எந்த இடத்துல மணல் அசையாம தங்குதுன்னு பாத்து. யாரோ ஒரு கைவினைஞர், எந்தக் காலத்துலயோ, ஒரு சமன்பாடும் இல்லாம, காதை மட்டும் வச்சு இந்த இடத்துக்கு வந்து சேந்திருக்காங்க. இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் மெய்சிலிர்க்குது.

மயிலாப்பூர்ல மிருதங்கம் வேலை செய்யுற ஒரு அண்ணன்கிட்ட பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போனேன். கிட்டான் கல்லைப் பொடி பண்ணி, சாதத்தோட சேத்துப் பிசைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா வச்சு, ஒவ்வொரு தடவையும் கல்லால தேச்சுத் தேச்சு ஏத்துறாரு. நடுநடுவுல விரலால தட்டிப் பாக்குறாரு. "எப்போண்ணே நிறுத்துவீங்க?"ன்னு ஒரு பையன் கேட்டான். "அது பேசுறப்ப நிறுத்துவேன் தம்பி"ன்னாரு. அவர் அனுமதியோட போன்லயே பதிவு பண்ணிக்கிட்டு வந்து ஆடாசிட்டில போட்டோம். ஆடாசிட்டி இலவச மென்பொருள், சத்தத்தை வெட்ட ஒட்டத்தான் எல்லாரும் வச்சிருக்காங்க, ஆனா அதுல அனலைஸ் மெனுல ப்ளாட் ஸ்பெக்ட்ரம்னு ஒண்ணு இருக்கு, எந்த அதிர்வெண் எவ்வளவு பலமா இருக்குன்னு வரைஞ்சு காட்டும், அதுதான் நமக்கு வேணும். ஒரு சின்ன விவரம், சைஸ்னு ஒரு இடம் இருக்கும், அதை 16384ன்னு வச்சுக்குங்க. சின்ன எண்ணா இருந்தா கோடு எல்லாம் மழுங்கிப் போய் பக்கத்துப் பக்கத்து அதிர்வெண் ஒண்ணா ஒட்டிக்கும், 44100 ஹெர்ட்ஸ்ல பதிவு பண்ணதுக்கு 16384 வச்சா சுமார் 2.7 ஹெர்ட்ஸ் வரைக்கும் பிரிச்சுக் காட்டும்.

மிருதங்கத்துல வாசிக்கிற சொல்லுல தீம் ஒண்ணு, நம் ஒண்ணு, ரெண்டையும் தனித்தனியா போட்டுப் பாருங்க. நம் வாசிக்கும்போது மோதிர விரல் தோலை லேசா தொட்டுக்கிட்டே இருக்கும், அதனால முழுத் தோலும் சேந்து ஏறி இறங்குற அந்த முதல் அதிர்வு அமுங்கிடும், மேல இருக்குறதுதான் தூக்கலா தெரியும். தீம்ல அந்த முதல் கோடு கம்பீரமா நிக்கும். கிளாஸ்ல மிருதங்கம் கத்துக்குற பையன் ஒருத்தன் இருக்கான், பிசிக்ஸ்ல சுமார் மார்க்குதான், ஆனா அன்னிக்கு மத்த எல்லாருக்கும் அவன்தான் விளக்கினான்.

தம்புராவும் அப்படித்தான். ஒரு தந்தியை நட்ட நடுவுல மீட்டினா ரெண்டாவது, நாலாவது மாதிரி இரட்டைப்படை மேற்சுரங்கள் (அடிப்படை அதிர்வுக்கு மேல சேந்து வர்ற அதிர்வுகள்) வரக் கூடாதுங்கிறது பழைய விதி, ஏன்னா அதுங்களுக்கு நடுப்புள்ளி அசையாத இடம். தம்புரால தந்தியைத் தாங்குற குதிரை வளைஞ்சு இருக்கு, அது மேல நூல் ஒண்ணு வைக்கிறாங்க, அதனால இந்த விதி இங்க செல்லுபடி ஆகுறதில்ல, வரக் கூடாத மேற்சுரமும் பளிச்சுன்னு வருதுன்னு ராமன் 1921ல எழுதினாரு. வீட்ல நிஜத் தம்புரா இருந்தா நூலோட ஒரு தடவை, நூலை எடுத்துட்டு ஒரு தடவை பதிவு பண்ணி ஸ்பெக்ட்ரம் பாருங்க. மேல் பக்கத்துல இருக்குற கோடுகளோட உயரமே மாறிடும்.

இசை வாத்தியங்களோட இயற்பியலுக்கு ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ் யூனிவர்சிட்டில ஜோ வுல்ஃப் நடத்துற ம்யூசிக் அகூஸ்டிக்ஸ் தளம்தான் என் பார்வைல உலகத்துலயே சிறந்தது. புல்லாங்குழல், கிட்டார், மனுஷக் குரல் எல்லாத்துக்கும் தனித்தனி பக்கம், ஒலிக் கோப்போட, அளந்த வரைபடத்தோட, அவ்வளவு பொறுமையா எழுதியிருக்காங்க. நாதஸ்வரத்துக்குப் பக்கம் தேடாதீங்க, ஓபோங்கிற மேற்கத்தியக் குழல் வாத்தியத்தைப் பத்தி எழுதினதைப் படிங்க. ரெண்டுலயும் சீவாளி மாதிரி இரட்டை நாக்கு, ரெண்டுலயும் போகப் போக அகலமாகுற கூம்புக் குழல். கிளாரினெட் மாதிரி நேர் குழலா, ஒரு பக்கம் மூடினதா இருந்தா ஒற்றைப்படை மேற்சுரம்தான் தூக்கலா வரும், கூம்பா இருந்தா எல்லாமே வரும். நாதஸ்வரத்தோட அந்த நிறைஞ்ச சத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம்னு புரியும்போது கோயில் வாசல்ல நின்னு கேக்குறதே வேற மாதிரி ஆயிடும்.

கர்நாடக இசைக்குன்னே ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு, நிறைய ரசிகர்களுக்கே தெரியாது. பார்சிலோனால பாம்பேயு ஃபாப்ரா யூனிவர்சிட்டி தலைமைல காம்ப்ம்யூசிக்னு ஒரு ஆராய்ச்சித் திட்டம், அதுல நம்ம ஐஐடி மெட்ராஸும் சேந்து வேலை பாத்தாங்க. அதுலேர்ந்து வந்ததுதான் துன்யாங்கிற தளமும் சராகாங்கிற ஒலித் தொகுப்பும். கச்சேரிப் பதிவோட பாடகரோட ஆதார சுருதி என்ன, சுரம் எப்படி வளைஞ்சு போகுதுன்னு எல்லாம் அளந்து வச்சிருக்காங்க. கமகம்னு நாம காதால கேக்குறது திரைல ஒரு கோடா நெளிஞ்சு போறதைப் பாக்கலாம். இதையே நாமளா செஞ்சு பாக்க சோனிக் விஷுவலைசர்னு லண்டன் குயின் மேரி யூனிவர்சிட்டி மென்பொருள் இருக்கு, பேச்சொலியை அளக்கணும்னா ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து வந்த ப்ராட். ப்ராட்ல ழ, ள, ல மூணையும் சொல்லிப் பதிவு பண்ணிப் பாருங்க, ழகரத்துக்குக் கோடுகள் எப்படி வளைஞ்சு இறங்குதுன்னு கண்ணால பாத்த பிறகு பசங்க உச்சரிப்பே கொஞ்சம் திருந்துச்சு, அதுக்காக நான் தனியா எதுவும் சொல்லலை.

அடுத்தது அறை. கல்யாண மண்டபத்துல மைக்ல பேசுறது ஒண்ணுமே புரியாது, சத்தம் மட்டும் இரையும், இது சென்னைல எல்லாருக்கும் தெரிஞ்ச அனுபவம். இதைக் கணக்கா மாத்தினவர் வாலஸ் சபைன். 1895ல ஹார்வர்டுல ஒரு லெக்சர் ஹால்ல பேசுறது யாருக்கும் புரியலைன்னு அவரைச் சரி பண்ணச் சொன்னாங்க, ஒரு வார்த்தை சொன்னா அது அடங்க 5 நொடிக்கு மேல ஆச்சு. பக்கத்து தியேட்டர்லேர்ந்து இருக்கை மெத்தையை எல்லாம் ராத்திரில தூக்கிக்கிட்டு வந்து ஒண்ணொண்ணா வச்சு, ஆர்கன் குழாய் ஒண்ணு ஊதி நிறுத்தி, சத்தம் காதுக்கு அடங்குற வரைக்கும் நேரம் பாத்திருக்காரு, விடியுறதுக்குள்ள மெத்தையைத் திருப்பி வைக்கணும். அதுலேர்ந்துதான் அந்த எளிமையான சமன்பாடு வந்துச்சு: எதிர்முழக்க நேரம், அதாவது சத்தம் அடங்க ஆகுற நேரம் வேணும்னா, அறையோட கன அளவை 0.161ஆல பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால வகுக்கணும். அவரோட கட்டுரைத் தொகுப்பு இன்டர்நெட் ஆர்கைவ்ல முழுசா இருக்கு, கணக்கு பயந்தவங்களும் தாராளமா படிக்கலாம், அவ்வளவு தெளிவான எழுத்து.

நம்ம மண்டபத்துக்குப் போட்டுப் பாப்போம். நீளம் 30 மீட்டர், அகலம் 15, உயரம் 6, கன அளவு 2700. தரை டைல்ஸ், சுவர் பெயின்ட் அடிச்ச சிமென்ட், சராசரியா 5 சதவீதம் சத்தத்தை உறிஞ்சுதுன்னு வச்சா மொத்தப் பரப்பு 1440ல 72 சதுர மீட்டர். நேரம் 6 நொடி. அதே மண்டபத்துல 300 பேரு உக்காந்தா, ஆளுக்கு சுமார் அரை சதுர மீட்டர்னு வச்சா உறிஞ்சு பரப்பு 222 ஆயிடும், நேரம் 2 நொடிக்கு இறங்கிடும். அப்ப காலைல காலி ஹால்ல சவுண்ட் செட் பண்றவர் கேக்குறது ஒண்ணு, முகூர்த்த நேரத்துல நாம கேக்குறது இன்னொண்ணு. 2 நொடிகூட பேச்சுக்கு அதிகம்தான், ஒரு நொடிக்குப் பக்கத்துல இருந்தாதான் வார்த்தை வார்த்தையா புரியும். கனமான திரைச்சீலை நாலு தொங்க விட்டாலே நிலைமை மாறும், ஆனா மண்டபம் கட்டுறவங்க விளக்குக்குச் செலவு பண்றதுல நூத்துல ஒரு பங்கைக்கூட இதுக்குப் பண்றதில்லன்னு எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. வீட்ல அளந்து பாக்க ரூம் ஈக்யூ விசார்டுன்னு இலவச மென்பொருள் இருக்கு, அதுகூட வேணாம்னா காலி அறைல ஒரு பலூனை உடைச்சுப் பதிவு பண்ணி, ஆடாசிட்டில சத்தம் எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு பாத்தாலே போதும்.

இரைச்சல் விஷயத்தைச் சொல்லாம விட முடியாது. 2000ல வந்த ஒலி மாசு விதிகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்துல இருக்கு. குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45, ஆஸ்பத்திரி பள்ளிக்கூடம் கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலத்துல 50, 40. 2011லேர்ந்து 7 நகரத்துல தொடர்ச்சியா அளக்குற நிலையங்கள் வச்சாங்க, அதுல சென்னையும் ஒண்ணு. ஆனா இந்த எண்ணைப் படிக்கிறதுக்கு முன்னாடி டெசிபல்னா என்னன்னு புரிஞ்சுக்கணும். 55லேர்ந்து 85ன்னா 30 கூடியிருக்குன்னு தோணும், உண்மைல ஒலி ஆற்றல் 1000 மடங்கு கூடியிருக்கு. வேலை செய்யுற இடத்துப் பாதுகாப்பைப் பாக்குற அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு சொல்ற கணக்கு, 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும்தான், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 போனா 15 நிமிஷம்தான். தவில் வாசிக்கிறவங்க, ட்ராஃபிக் போலீஸ், ப்ரெஸ்ல வேலை செய்யுறவங்க, இவங்க காதை யாரு யோசிக்கிறாங்க? நியோஷோட சவுண்ட் லெவல் மீட்டர் ஆப் ஐபோனுக்கு இலவசம், சோதிச்சுப் பாத்து வெளியிட்டது. ஆண்ட்ராய்டுல கிடைக்கிற ஆப் எண்ணை அப்படியே நம்பாதீங்க, போனுக்குப் போன் மைக் மாறும், ஆனா ஒரே போன்ல இங்க கூட அங்க கம்மின்னு ஒப்பிட்டுப் பாக்க அதுவும் உதவும்.

கடல் பக்கத்துல இருக்கோம், ஆனா கடலுக்குள்ள சத்தம் எப்படிப் போகுதுன்னு யாரும் யோசிக்கிறதில்ல. ரோட் ஐலண்ட் யூனிவர்சிட்டியோட டிஸ்கவரி ஆஃப் சவுண்ட் இன் த சீ தளத்துல திமிங்கிலம், கப்பல், மழைத்துளி, கொடுக்கைச் சொடுக்குற இறால்னு எல்லாத்தோட சத்தமும் கேக்கலாம். கடல் தண்ணில ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகுது. பள்ளிக்கரணைல இருக்குற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துல நீரடி ஒலியை ஆராயுறாங்க, பசங்க யாராவது இதை வேலையா எடுத்துக்கணும்னு ஆசைப்பட்டா ஊரை விட்டு ரொம்ப தூரம் போக வேணாம். பறவைப் பக்கம் போகணும்னா சீனோ-கான்டோ, குயில் கூவுறதோட பதிவும் வரைபடமும் அங்க இருக்கு.

ஆழமா போகணும்னா மூணு இடம் போதும். ஃபைன்மன் விரிவுரை முதல் தொகுதில 47லேர்ந்து 50 வரைக்கும் நாலு அத்தியாயம், கால்டெக் தளத்துல இலவசம், அலைச் சமன்பாடு எங்கேர்ந்து வருதுன்னு இதை விட அழகா நான் படிச்சதில்ல. ஐஐடிக்காரங்க இலவச வீடியோ பாடம் போடுற என்பிடெல் தளத்துல ஐஐடி கான்பூரோட ஒலியியல் பாடம், மெதுவாத்தான் போகும், நோட்டை வச்சு எழுதிக்கிட்டே பாத்தா அந்த மெதுவே வசதி. ஸ்டான்ஃபோர்டுல ஜூலியஸ் ஸ்மித் தன்னோட புத்தகங்களை எல்லாம் இணையத்துலயே போட்டிருக்காரு, கணினில ஒலியை உருவாக்குற எண்ணம் இருக்குறவங்களுக்கு அது, ஆனா கணக்கு கெட்டியா இருக்கணும்.

இவ்வளவு இருந்தும் நம்ம பக்கம் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. தவிலுக்கு, பறைக்கு, உடுக்கைக்கு, நல்ல தரத்துல அளந்த தனித்தனி ஒலிப்பதிவு பொதுவுல தேடினா கைக்கு அகப்படுறதில்ல. ராமன் மிருதங்கத்துக்குச் செஞ்சதைத் தவிலுக்குச் செஞ்சு பாக்கணும்னு எனக்கும் பசங்களுக்கும் ஆசை. தவிலோட வலந்தலைல மிருதங்கம் மாதிரி கரணை கிடையாது, தோலை அப்படி இறுக்கிக் கட்டியிருப்பாங்க. அப்ப அதோட மேற்சுரங்கள் 1, 1.59, 2.14ன்னு போகுதா, இல்ல உள்ள அடைபட்ட காத்தும் கட்டையோட உருவமும் அதை வேற எங்கேயாவது கொண்டு போய் விடுதா? தவில் வாசிக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு உதவி பண்ணுங்க. மூடின அறைல இல்லாம திறந்த இடத்துல, போனை ஒரு மீட்டர் தள்ளி வச்சு, விரல் கூடு போட்டு ஒரு அடி, போடாம வெறும் கையால ஒரு அடி, ஒவ்வொண்ணும் சத்தம் முழுசா அடங்குற வரைக்கும் விட்டுப் பதிவு பண்ணுங்க, தொப்பியை, அதாவது மறுபக்கத் தோலை, இன்னொருத்தர் கையால அமுக்கிப் பிடிச்சு ஒரு தடவை, விட்டு ஒரு தடவை. எம்பி3 வேணாம், வேவ் கோப்பா வைங்க. வாட்சப்ல நேரா அனுப்பினா சத்தத்தைச் சுருக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க, அன்னிக்கு வெயில் எத்தனை டிகிரின்னும் கூட எழுதிடுங்க.